சும்மா இருக்கிறவர்

பாகாயத்தில் பேருந்து இன்னும் கிளம்பவில்லை. என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் வலது மணிக்கட்டில் துணிப்பட்டை. மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. இளையவரின் குரல் உயர்ந்ததும் நான் புத்தகத்தை மூடினேன்.

“இன்னா வேலை செய்றீங்கன்னு டாக்டரம்மா கேட்டா, வீட்ல சும்மா இருக்கேன்னு சொல்லுவியாக்கா?”

“சும்மாதானடி இருக்கேன்?”

“அப்போ தெனம் இருபது ஜோடி ஷூவுக்குத் தோலு தைக்கிறது யாரு?”

“அது வீட்ல உக்காந்து, டிவி பாத்துக்கினே தைக்கிறது. வேலைன்னா கம்பெனி பஸ்ல போவணும், கழுத்துல கார்டு மாட்டணும்.”

“டிவி பாத்தா கை வலிக்குமா?”

மூத்தவர் சிரித்துவிட்டார். “அதான் அந்தம்மா, எங்கியாச்சும் விழுந்தீங்களா, இடிச்சிக்கினீங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டுச்சா!”

“எந்திரிக்கா. தெரியாம எப்டி வைத்தியம் பாக்கும்? திரும்பப் போய் அந்தம்மாகிட்ட ஒழுங்கா சொல்லு.”

நடத்துநர் விசில் ஊதுவதற்குள் இருவரும் எழுந்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது மூத்தவர் சொன்னார்: “வெளிநாட்டுக்காரன் போடுற ஷூன்னும் சேத்துச் சொல்லிடறேன்டி.”