காற்றில் போன தெரு

கெசியா: …இல்லண்ணா, இன்னும் ஒண்ணும் வரல.

சுப்பராயன்: வரலியா? நல்லா பாத்தியா கெசியா?

கெசியா: பாத்துக்கினேதான் இருக்கேன். இங்க பைப்லைன் அதிகாரி என் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருக்காரு. ஆம்பூர்ல நீங்க அளக்க அளக்க, வேலூர்ல என் கம்ப்யூட்டர்ல தெரு வந்து விழும்னு நம்ம சார் சொல்லி வெச்சிருக்காரு.

சுப்பராயன்: சார் வாயில எல்லாமே வேலை செய்யும்மா. இங்க அளக்கற மிஷினுக்கும் போனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. சம்பந்திங்க மாதிரி மூஞ்ச திருப்பிக்கினு நிக்குதுங்க.

கெசியா: ப்ளூடூத் போட்டீங்களா?

சுப்பராயன்: போடாம? நீல லைட்டு மினுக்கு மினுக்குன்னு கண்ணடிச்சுது. இந்த வயசுல என்னப் பாத்து கண்ணடிக்கற ஒரே ஜீவன் அதுதான்…

கெசியா: அண்ணா! இப்ப எங்க நிக்கறீங்க?

சுப்பராயன்: தோல் பேக்டரி மொட்டை மாடில. கீழ டவர் இல்லன்னு ஏறினேன். சுத்தி பலகையில ஆணி அடிச்சு தோல் காயுது. நடுவுல நான் போன தூக்கிப் புடிச்சுக்கினு காயறேன். மேஸ்திரி பாத்துட்டு, “இது எந்த லாட்டு தோலுப்பா, ரொம்ப சுருக்கமா இருக்குது”ன்னுட்டுப் போறாரு.

கெசியா: சிரிப்பு காட்டாதீங்க, சார் வர்றாரு…

கிருபானந்தம்: குடும்மா இங்க. சுப்பராயா! இன்னாய்யா பண்ற?

சுப்பராயன்: வணக்கம் சார். அனுப்பிக்கினே இருக்கேன் சார்.

கிருபானந்தம்: எங்க அனுப்பற, திருப்பதிக்கா? இந்த ஒரு தெரு போன் வழியா காத்துல ஒழுங்கா வந்துச்சுன்னா வாணியம்பாடி வரைக்கும் வேலை நமக்கு. அதிகாரி கேக்கறது ரெண்டே விஷயம். எந்த சுவரு தெருவுக்குள்ள நீட்டிக்கினு இருக்குது, அத இடிக்கணும். எந்த எடம் காலியா இருக்குது, அங்க கழிவுத் தண்ணிக்கு தொட்டி தோண்டணும்.

சுப்பராயன்: தெரியும் சார்.

கிருபானந்தம்: நீ குடியிருக்கற தெருவாச்சே, சந்து பொந்தெல்லாம் தெரிஞ்சவனாச்சேன்னுதான் உன்ன அனுப்பினேன்.

சுப்பராயன்: அதான் சார் பேஜாரே.

கிருபானந்தம்: இன்னா பேஜாரு?

சுப்பராயன்: டவருதான் சார்… வேற இன்னா.

கிருபானந்தம்: நாங்க சாப்ட போய்ட்டு வர்றோம். வரும்போது தெரு இங்க இருக்கணும். இந்தாம்மா, அவன்கிட்ட பேசு.

கெசியா: …அண்ணா, இருக்கீங்களா?

சுப்பராயன்: எங்க போவேன், காஞ்சுக்கினுதான் இருக்கேன். ஏம்மா, பேசாம பழையபடி மிஷினுலருந்து மெமரி கார்டை உருவி சட்டப் பையில போட்டுக்கினு பஸ் ஏறி வந்துடட்டுமா?

கெசியா: அதுக்குள்ள பொழுது போய்டும். நான் சொல்றதக் கேளுங்க. தெருவ இன்னொரு தபா மொதல்லருந்து அளந்து அனுப்புங்களேன்.

சுப்பராயன்: இன்னாத்துக்கு? டவர் இல்லாததுக்கு தெரு இன்னா பண்ணும்?

கெசியா: இல்லண்ணா… அது வந்து… அளவுல எங்கயாவது ஓட்டை இருந்துச்சுன்னா காத்துல போகாது.

சுப்பராயன்: ஓட்டையா?

கெசியா: நடுவுல ஒரு எடம் விட்டுப்போச்சுன்னு வெச்சுக்கோங்க. மிஷினு அனுப்பாது. அதுக்குத் தெரிஞ்சுடும்.

சுப்பராயன்: அதுக்கு… அதுக்குக்கூடவா தெரியும்?

கெசியா: புது மிஷினாச்சே.

சுப்பராயன்: பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?

கெசியா: இல்ல. ரெண்டு பேரும் இப்பதான் ஆபீஸ் கேட்டு தாண்டிப் போய்ட்டாங்க.

சுப்பராயன்: எம் வீட்ட உட்டுட்டேன் கெசியா.

கெசியா: …ம்.

சுப்பராயன்: முன் ரூம்பு தெருவுக்குள்ள ரெண்டு அடி இழுத்துக் கட்டினது. உங்க அண்ணி அங்கதான் தையல் மிஷின் போட்டு ஷூவுக்கு மேல்தோல் தெக்கறா. அந்த ரூம்பு போச்சுன்னா மிஷினு போச்சு, மிஷினு போச்சுன்னா அடுப்பு பாதி அவிஞ்சுது. எத்தினி வீட்டு சுவத்துல அளவுக் கம்பிய நிறுத்தி புள்ளி எடுத்திருக்கேன்! அழுதவங்ககிட்டல்லாம், “மேலிடத்து வேலைம்மா, என் கைல இன்னா இருக்குது”ன்னு பெரிய நீதிமான் மாதிரி பேசினவன் நான். எம் வீட்டாண்ட வந்ததும் கம்பிய தோள்ல போட்டுக்கினு, ஆகாசத்தப் பாத்துக்கினே அடுத்த வீட்டுக்கு நடந்துட்டேன்.

கெசியா: அண்ணி பாத்தாங்களா?

சுப்பராயன்: ஜன்னல்லருந்து கத்தறா. “ஊரையெல்லாம் அளக்கற, நம்ம வீடு வீடா தெரியலியா?”ன்னு. ரேஷன் கார்டுல பேரு விட்டுப்போன மாதிரி கோச்சுக்கறா. அவளுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?

கெசியா: அப்புறம் இன்னாத்துக்கு அனுப்பினீங்க?

சுப்பராயன்: சார் போன்ல கத்தினாரு, பயந்துக்கினு காலைல ஒரு தபா அமுக்கிட்டேன். முன்னல்லாம் ஆம்பூர்ல பஸ் ஏறும்போது ஒரு புத்தி இருக்கும், பள்ளிகொண்டா தாண்டும்போது வேற புத்தி வந்துடும். உங்கிட்ட வந்து உக்காந்து, “இத மாத்தும்மா”ன்னு சொல்லிடுவேன். இதுல மனசு மாற எங்க டைம் இருக்குது? அமுக்கினா போச்சு.

கெசியா: அப்ப, அப்பலருந்து மாடில நின்னு அனுப்பிக்கினு இருக்கறது?

சுப்பராயன்: இன்னாத்த அனுப்பறது… நீ “வரல”ன்னு சொன்னதும் நீல லைட்ட அணைச்சுட்டேன். சும்மாதான் கைய தூக்கிக்கினு நிக்கறேன். முன்ன தோல் பேக்டரில வேலை செஞ்சு, சுண்ணாம்புக் குழில எறங்கி தோல் தூக்கினப்பகூட கை இப்பிடி வலிக்கல. எப்பிடியோ, அது வந்து சேரல பாரு, அதுவே போதும். அந்த ஓட்டைக்கு கோடி புண்ணியம்.

கெசியா: ஓட்டையாவது மண்ணாவது. அதிகாரி காதுல விழற தூரத்துல இருந்தாரு, வேற எப்பிடிச் சொல்றது? காலைலயே வந்துடுச்சுண்ணா, நீங்க மொதல்ல அமுக்கினதே. தெருவே வந்துச்சு, உங்க வீட்டத் தவிர. படத்துல அந்த எடம் வெள்ளையா கெடக்குது, தெருவுலயே ஒரே காலி மனை. அதிகாரி பாத்தாருன்னா தொட்டிக்கு அங்கதான் வட்டம் போடுவாரு. ஒரு தபா காகிதத்துல வட்டம் போட்டுட்டாங்கன்னா, “ஐயா, அங்க எம் வீடு இருக்குது”ன்னு எத்தினி ஆபீஸ் படி ஏறுவீங்க? அதான் அத மூடி வெச்சுட்டு, காலைலருந்து வரல வரலன்னு வாய் கூசாம பொய் சொல்லிக்கினு இருக்கேன். அளந்தா ரெண்டு அடி போகும், அளக்காட்டி வீடே போகும். அவங்க சாப்ட்டு வர்றதுக்குள்ள கீழ எறங்கி ஓடுங்கண்ணா.