வைரத்தைத் தின்னும் காளான்

ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் வர வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டேன். அதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று சீனியர் அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார்.

"உங்க குடும்பத்துலயே காலேஜ் வாசல மிதிச்சது நீதான். அது போதாதாம்மா? பேரு வேற கேக்குதா?"

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. மரத்தை மட்க வைக்கும் காளான்களை இனம் பிரிப்பது எங்கள் வேலை. அவருக்கு முட்டி மடங்காது. குனிவது, அடிப்பக்கம் பார்ப்பது, விண்டு முகர்வது எல்லாம் நான். மேலிருந்து பார்த்தால் எல்லாமே பழுப்புத் தட்டுதான். ஒன்று செத்த பட்டையை மட்டும் தின்னும். இன்னொன்று நிற்கிற மரத்தின் நடுவில் இறுகிக் கிடக்கும் வைரத்தைத் தின்னும். இலை பச்சையாகவே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எது எது என்று நான் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். அச்சில் அவர் கண்டுபிடித்ததாக வரும்.

காட்டில் நாங்கள் தங்கியிருந்த முகாம் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். மதியம் சாப்பிட்டதும் அதனடியில்தான் அவர் நாற்காலி. மறுநாள் அதன் வேரில் முளைத்திருந்த தட்டைக் கைத்தடியால் காட்டினார்.

"இது என்ன ரகம்மா?"

குனிந்தேன். கத்தி வேருக்குள் பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கியது.

"செத்த பட்டையத் திங்கிறது சார். மரத்துக்கு ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டார். என் சொல்லை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. பெயர் யாருடையதோ, பிழையும் அவருடையதுதானே.

தட்டை அறுத்துப் பையில் போட்டேன். மாதிரி எடுப்பது வழக்கம்தான். காளானை அறுத்தால் நோய் போகாது, அடையாளம்தான் போகும்.

மழைக்காற்று தொடங்கியது. டிரைவர் அண்ணன் அந்த நிழலில் வண்டியை நிறுத்துவார்.

"அண்ணே, அந்தப் பக்கம் நிறுத்துங்க. இங்க பூரா பறவை எச்சம்."

"உங்கப்பா வாங்கிக் குடுத்த வண்டி பாரு" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார். அவருக்குப் படிக்கிற வயதில் பெண்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை புரிகிறது. உளுத்த மரம் விழுவது இயற்கை. அதனடியில் கண்ணயர்வது அவர் பழக்கம். இதில் நான் எங்கே வருகிறேன்? அது என்று விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மரம் விழுந்த அன்று மதியம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஆராய்ச்சியை விடுவதென்று முடிவெடுத்தாகிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேலே கிளைகள் சுழன்றன. அடிமரம் முனகியது.

"காத்து கண்ணுல மண்ண அள்ளிப் போடுது. நாற்காலிய மரத்தோட ஒட்டிப் போடும்மா."

மரம் சாய்ந்திருந்த பக்கமாகப் போட்டேன். ஆடாமல் இருக்கக் காலுக்கு ஒரு கல்லையும் அண்டை கொடுத்தேன். பெரியவர்கள் கேட்டதைத் தட்டுகிற மாதிரி என்னை வளர்க்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சாலையைப் பார்த்து நடந்தேன்.