தாய்ச்செடிப் பாத்தியில் வெட்டப்பட்ட ஓடுகாலிப் பூக்கள்

வாக்குமூலம் அளிப்பவர்: பூ வளர்ப்பவர், பெண், வயது நாற்பத்தொன்பது, திருமணம் ஆகாதவர். முகவரி: பூ தரம் பிரிக்கும் கொட்டகையை ஒட்டிய இரண்டு அறை வீடு.

நான் மேற்படி முகவரியில் என் தம்பி, தம்பி மனைவி ஆகியோருடன் வசித்து வந்தேன். செடி வளர்ப்பது என் வேலை. பூவைத் தரம் பிரித்துக் குளிர் அறையில் அடுக்குவது அவர்கள் இருவரின் வேலை. புகாரில் சொல்லப்பட்டுள்ள பூ, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறைச் சரிவில் தானாக முளைப்பது. ஊதா நிறம், ஒரு சாண் உயரம். வெட்டி வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் இதழ் அத்தனையும் உதிர்ந்து, வெறும் காம்பு கையில் நிற்கும். அதனால் தம்பி அதற்கு ஓடுகாலி என்று பெயர் வைத்தான்.

நான் அதன் விதையைக் கொண்டுவந்து விதைத்து, உயரமாக வளர்ந்த செடியின் மகரந்தத்தை இதழ் கொஞ்சம் தாங்குகிற செடியில் தூரிகையால் தொட்டு வைத்து, அதில் விளைந்த விதையை மறுபடி விதைத்து, இப்படியே பல வருடம் செய்து வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு இந்தப் பூதான் காரணம் என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை.

இந்த வருடம்தான் தண்டும் நீண்டு இதழும் நிற்கிற செடிகள் ஒரே பாத்தியில் வந்தன. ஒருமுறை பூத்தால் காய்ந்து போகிற செடி என்பதால், விதை எடுத்தால்தான் அடுத்தது உண்டு. கையில் இருந்த பழைய விதை முழுவதையும் விதைத்துவிட்டேன். எனவே அந்தப் பாத்தியைத் தாய்ச்செடிப் பாத்தி என்று ஒதுக்கி, யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பூ வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, விதை விளைந்ததும் தன் பொறுப்பில் எல்லாச் சந்தைக்கும் கொண்டுபோவதாகப் பேசி முடித்தார்.

எங்கள் தொழிலில் முதல் தரம் பெட்டிக்குப் போகும். வளைந்த தண்டும் பூச்சி கடித்த இதழும் வீட்டுக்கு வரும். தம்பி கல்யாணத்துக்கும் கழித்த பூதான் வைத்தோம். அதைச் சொல்லி அவன் என்னைச் சீண்டுவான். “நான் செத்தாக்கூட எனக்கு வளைஞ்ச தண்டுதான் வைப்பே, இல்லக்கா?” என்பான். “அதுவும் மிச்சம் இருந்தா பாக்கலாம்டா” என்பேன்.

சம்பவத்தன்று காலை தம்பி குளிர் அறைக்குள் பூ வாளிகளை நகர்த்தப் போனவன் வெளியே வரவில்லை. அவன் மனைவி போய்ப் பார்த்தபோது வாளிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தான். மருத்துவர் வந்து, மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார். வீட்டில் இடம் போதாததால் கொட்டகையில் தரம் பிரிக்கும் மேசையின் மேல் அவனைக் கிடத்தினோம். அதன் பிறகு நான் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மனைவி எப்போது எழுந்து போனாள் என்று கவனிக்கவில்லை. அவள் கை கொள்ளாமல் ஓடுகாலிப் பூக்களோடு வந்தாள். பெட்டியில் அடுக்குவது போல எல்லாத் தலையும் ஒரே பக்கமாக அவன் மேல் அடுக்கினாள். ஒரு தண்டுகூட வளைந்திருக்கவில்லை.

நான் பாத்திக்கு ஓடினேன். நீளம் வேண்டுமென்றால் தரையோடு சாய்த்து வெட்ட வேண்டும், பூ பாதி விரிந்திருக்கும்போதே வெட்ட வேண்டும் என்று நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். அப்படியேதான் வெட்டியிருந்தாள். ஒரு செடி மிச்சமில்லை. அதன் பிறகு திரும்பி வந்து, “எல்லாத்தையும் கொன்னுட்டியேடி!” என்று கத்தினேன். அவள் தலை நிமிராமல், “தெரிஞ்சுதான் வெட்டினேன் அண்ணி. ஒரு நாளாவது அவருக்கு முதல் தரம் வைக்கணும்” என்றாள்.

நான் தரையில் விழுந்து அழுதேன். தம்பிக்காக அழுவதாக நினைத்து, துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைத் தாங்கிக்கொண்டார்கள். நான் அப்போது அழுதது தம்பிக்காக அல்ல என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து அந்தப் பூக்களை மண்மேட்டின் மேல் வைத்தார்கள். அதன் பிறகு வியாபாரி, தம்பி மனைவி செடிகளை வேண்டுமென்றே நாசம் செய்ததாகப் புகார் எழுதிக்கொண்டு வந்தார். ஆத்திரத்தில் நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதன் பிறகு தினமும் அந்த மண்மேட்டுக்குப் போனேன். தம்பியைப் பார்க்கப் போனதாகச் சொல்ல முடியாது. பூ எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிற பழக்கம். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. இருந்தும் இதழ் உதிரவில்லை. நிறம் வெளுத்தது, தண்டு காய்ந்தது, இதழ் அப்படியே நின்றது. ஒரு தலையைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். விதை பிடிக்கவில்லை, பதர்தான் இருந்தது. “டேய், ஓடுகாலி ஓடலடா” என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பதில் சொல்ல அவன் இல்லை என்பது உறைத்தது. அன்றைக்கு என்னைத் தாங்க யாரும் இல்லை.

அந்தச் செடிகளில் பாதி தம்பிக்குச் சொந்தம். மறுபாதியை நான் அவனுக்கு வைத்ததாக எடுத்துக்கொள்ளவும். புகாரிலிருந்து என் கையெழுத்தை விலக்கிக்கொள்கிறேன். தம்பி மனைவி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததைத்தான் சொன்னேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் அக்கா