கரடி பொம்மை வேண்டாம் என்றவள்

பஞ்சு மட்டமாக இருந்தால் கரடி பொம்மையின் காது நிமிர்ந்து நிற்காது. அதனால் எங்கள் ஊரான பீலாரின் சந்தைக்கு நானே போய், தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு எங்கள் சங்கம் கொடுக்கும் கூடையில் ஒரு ரோஸ் கரடியும் உதட்டுச்சாயமும் வண்ணம் தீட்டும் புத்தகமும் இருக்கும். கதிர்வீச்சு சிகிச்சைக்காக அவர்களைத் தலைநகர் அசுன்சியோனுக்கு அழைத்துப்போகும் வேனும் எங்களுடையதே. இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

செவேரா சந்தையில் மாட்டிறைச்சி வெட்டுபவள். வேனில் எல்லோர் முன்னாலும் கூடையைத் திறந்து பார்த்தாள்.

"ஏன் நிமியா, எனக்கு அறுத்தது மாரைத்தானே, மூளையை இல்லையே? இந்த வயசுல பொம்ம வச்சு வெளையாடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மனசுக்கு ஆறுதலா இருக்கும்னுதான்..."

"கை தூக்க முடியல. மறுபடி எப்ப கத்தி புடிக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு. அதான் எனக்கு ஆறுதல்" என்று கூடையை என்னிடமே திருப்பித் தந்தாள்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் கூடையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் எதுவும் செய்யவில்லை. நன்றி மறந்த மனதில் நம்பிக்கை தங்காது; நம்பிக்கை இல்லாத உடம்பு தேறாது. மற்றவர்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று பட்டது.

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளிவாசலில் நின்று கை தட்டுவோம். ஓட்டுநர் இலாரியோவிடம், செவேரா வீட்டு வாசலில் இனிமேல் கை தட்ட வேண்டாம் என்றேன்.

"ஏன்க்கா, பாதியிலயே நிறுத்திட்டாங்களா?"

"வேணாம்னுட்டா. அவ பிடிவாதம் ஒனக்குத் தெரியாதா? போய்க் கேட்டு வம்பை வளக்காத."

வேனில் கேட்டவர்களிடம், "அவளுக்கு நம்ம உதவி வேணாமாம்" என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

வேன் நிற்காமல் போனதைப் பார்த்த செவேரா அன்று இரவே என்னிடம் வந்தாள். கதிர்வீச்சு இயந்திரம் பழுது, மற்றவர்கள் ரத்தப் பரிசோதனைக்குத்தான் போனார்கள், சரியானதும் நானே சொல்கிறேன் என்றேன்.

"மறந்துடாத நிமியா. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்."

அவள் என்னிடம் தன்மையாகப் பேசியது அன்றுதான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் மறுநாளே வேனை அனுப்பியிருப்பேன். அவள் கேட்கவில்லை. பிறகு மாதக்கணக்கில் பலமுறை வந்தும் இயந்திரத்தைப் பற்றித்தான் விசாரித்தாள். கடைசியில் சந்தேகப்பட்டு அவளே பஸ் ஏறிப் போனபோது நோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. போன வாரம் அடக்கம் செய்தார்கள்.

விசாரிக்க வந்த நீங்கள் அதைக் கொலை என்கிறீர்கள். கை தட்ட வேண்டாம் என்று சொன்னது நான்தான். இயந்திரம் பழுது என்றதும் பொய்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: செவேராவின் இருக்கை காலியான பிறகு ஒருத்திகூடக் கூடையைத் திருப்பித் தரவில்லை. என்னைக் கண்டதும் எல்லோரும் கரடியை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆறுதல் கிடைக்காமலா அப்படி இறுக்கிப் பிடிப்பார்கள்?