நடுத்திட்டில் வைத்த பூந்தொட்டிகள்

நான் மேலே கண்ட முகவரியில் கணவருடன் வசிக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. மாநகராட்சிச் சாலைப் பிரிவில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஆஸ்பத்திரி நாற்சந்தியை சிக்னல் இல்லாத சந்திப்பாக மாற்றிய வரைபடம் நான் போட்டது. அதன்படி எந்த வண்டியும் சந்திப்பைக் குறுக்கே வெட்டிப் போகாது. நேரேயோ இடப்பக்கமாகவோ போய், சற்றுத் தள்ளியுள்ள வளைவில் திரும்பி வரும். வண்டிகள் நிற்காது என்பதால், நடப்பவர்கள் பாதிச் சாலையைக் கடந்து, நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளியில் நின்று, பிறகு மறுபாதியைக் கடக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் சந்திப்பைத் திறக்கக் கூடாது என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தேன்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் செயற்பொறியாளர் அந்த இடைவெளியில் சிமெண்டுப் பூந்தொட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னார். நான் ஆட்சேபித்ததற்கு, "போட்டோல மொட்டையாத் தெரியுதும்மா. விழா முடிஞ்சதும் எடுத்துடலாம்" என்றார். விழா முடிந்தது, எடுக்கவில்லை. அதன் பின்னர் பலமுறை நேரில் போய்க் கேட்டேன். கடைசியாக, "ஒரு வண்டிகூட நிக்காமப் போகுதுன்னு ஊரே பாராட்டுது. நீங்க இன்னும் தொட்டியவே புடிச்சுத் தொங்குறீங்க" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதன் பின்னர் சென்ற செவ்வாய்க்கிழமை என் அக்கா மருந்து வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தபோது, நடுவில் இடமில்லாமல் தொட்டிகளை ஒட்டிச் சாலையிலேயே நின்றிருக்கிறார். வேன் இடித்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நீ போட்ட ரோடாச்சேன்னு நம்பி எறங்குனேன்டி" என்றார்.

அதன் பின்னர் இன்று காலை என் காரைச் சந்திப்பில் குறுக்காக நிறுத்திவிட்டு, தொட்டிகளை நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. கடப்பாரையால் இரண்டை உடைத்தேன். ஒரு லாரி டிரைவர், "என்னக்கா, வீட்டு வாசல்னு நெனச்சு நிறுத்திட்டீங்களா?" என்று கத்தினார். "எங்க அக்கா இங்கதான் விழுந்து கெடந்தா" என்றேன். அவர் இன்ஜினை அணைத்தார். அதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள். மீதித் தொட்டிகள் அங்கேயே இருக்கின்றன.

தொட்டிகளை உடைத்ததையும் போக்குவரத்தை மறித்ததையும் நான் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. காவல் நிலையம் சாலைக்கு எதிர்ப்புறம் இருப்பதால், என்னை அழைத்துவர இரண்டு காவலர்கள் கைகாட்டி எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்கள். வேறு வழியில் கடக்க முடியாது. அதையும் எழுதச் சொன்னேன், ஆய்வாளர் எழுதினார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. சொன்னவை யாவும் உண்மை.

(கையொப்பம்)