சனிக்கிழமைத் துவாய்

2004, புரட்டாதிச் சனி. காலை ஏழு மணிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கினேன். சூடு கூடினால் தோலுக்கு ஆகாது. தம்பியின் விஷயத்தில் நான் எப்போதும் கவனம்.

தம்பி பிரசாந் அப்போது அமெரிக்க ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தான்; பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் ஆட்டம். கனடாவில், மொன்றியல் கழகமொன்றில் ஐந்து வருடமாகச் சம்பளத்துக்கு ஆடினான். தடுப்பாட்டக்காரன். எதிரணி எறியும் பந்தை நடுவில் பாய்ந்து பறிப்பது அவன் வேலை. கையுறை போடமாட்டான். இடுப்பில் ஒரு துவாயைச் செருகிக்கொண்டு, அடிக்கடி கையைத் துடைப்பான்.

நான் சிவராசா. அவனுக்கு ஒன்பது வயது மூத்தவன். கோயிலில் என்னைக் கண்டால், "நீர் பிரசாந்தின்ர தமையனெல்லே? தம்பியார் எப்பிடி?" என்பார்கள். நான் எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. கோயிலில் பழக்கமான நகுலேஸ்வரன் வீட்டுக் கல்யாணக் கார்டில், என் பெயர் எழுதும் இடத்தில் 'பிரசாந்தின் அண்ணன் குடும்பத்தினர்' என்று இருந்தது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். எனக்கு மனத்தாங்கல் இல்லை.

அன்றைய ஆட்டத்துக்கு அமெரிக்கக் கழகமொன்றிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே ஆடுபவர்கள் இன்னும் பெரிய உடம்புக்காரர்கள். கழுத்து முறிந்தால்? எனக்கு அந்தக் கவலைதான்.

தம்பி எண்ணெய் வைத்து முழுகினான். எண்ணெய் துடைக்க எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத் துவாய் இருக்கிறது. சனிக்கிழமைக்கு மட்டும். எத்தனை தரம் தோய்த்தாலும் எண்ணெய் போகாது. அவன் பையில் இருந்த துவாயை எடுத்துவிட்டு, இதை மடித்து வைத்தேன். அவனே நல்லெண்ணெய் மணத்துக்கொண்டு நின்றதால் துவாயின் மணம் தெரியவில்லை.

"அண்ணை, எல்லாம் வைச்சிட்டியளோ?"

"ஓம், ஓம். நீ வெளிக்கிடு."

ஆட்டத்தில் நல்ல மழை. கை நனைய நனையத் துடைத்தான். கடைசி நிமிடத்தில் பந்து நேராக அவன் கைக்கு வந்தது, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்ததுபோல. வழுக்கிக்கொண்டு பின்னால் நின்ற எதிரணிக்காரனிடம் போனது. அவன் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தான். வந்த இருவரும் குடையை விரித்துக்கொண்டு எழும்பினார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஐயோ என்றேன்.

அடுத்த வருடம் மொன்றியல் கழகமும் அவனை விட்டுவிட்டது. இப்போது மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், நான் மேற்பார்வை பார்க்கும் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். இதுவரை ஒன்றையும் தவறவிட்டதில்லை. "சிவராசா அண்ணையின்ர தம்பியோ?" என்று அவனைக் கேட்கிறார்கள். கழுத்தும் நேராக இருக்கிறது. ஆகவே நான் செய்ததில் பிழையில்லை.

போன சனிக்கிழமை வெளியே அன்றுபோலவே நல்ல மழை. முழுகிவிட்டு வந்தவனிடம் அந்தத் துவாயை நீட்டினேன். முகத்தைத் துடைக்கப் போனவன் நின்றான். மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தான்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்ர பையுக்குள்ள வைச்சது எந்தத் துவாய்?"