தகட்டைக் கழற்றச் சொன்னது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, விரைவுப் படகுச் சங்கத் தலைவர் எலிஃபாஸ் அவர்களே, சபருவாத் துறையின் படகோட்டிகளே, சங்க எழுத்தர் வெல்மிஞ்சேயின் வணக்கம். இந்த நள்ளிரவில் எழுதி அனுப்புவதற்கு மன்னியுங்கள். காய்ச்சலில் கிடக்கும் மகளை விட்டுவிட்டு நாளை சனிக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு வர இயலாது. போதகர் இதை ஒரு வரியும் விடாமல் வாசிக்க வேண்டும்.

பதினெட்டு ஆண்டுகள் நம் எஞ்சின்களைக் காத்த தலைமை மெக்கானிக் தொமிங்குஸ் லத்துஹேரு மறைந்தார். கடல் கொண்டுபோனதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள். கடலா கொண்டுபோனது? எஞ்சினைத் தாங்கும் பின்பலகை பிளந்தது. எஞ்சின் அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தது.

எனக்கு அவர்தான் எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். நாற்பது குதிரைத்திறன், அறுபது குதிரைத்திறன், இரண்டிலும் ஒரே இரும்பு, ஒரே பிஸ்டன், ஒரே எடை.

"அப்புறம் ஏண்ணே நம்பர் மட்டும் வேற?" என்றேன்.

"ஒரே அச்சுல வார்த்துட்டு, நாப்பதுக்கு மட்டும் காத்து போற வழியில ஒரு தகடு வச்சிருக்கான் தங்கச்சி. காத்து கம்மி, பெட்ரோல் கம்மி, சுத்துறதும் கம்மி. பலகை தாங்குற அளவுக்கு மூச்சை அளந்து விட்டிருக்கான்."

தலைவரே, ஆறு எஞ்சின்களில் அந்தத் தகட்டைக் கழற்றி நாற்பதை அறுபதாக்கச் சொன்னது யார்? அறுபதுக்குத் தனி உரிமமும் கனத்த பலகையும் வேண்டும் என்று தெரிந்தே சொன்னது யார்? "ஸ்டிக்கரப் பாத்தாய்யா எஞ்சின் ஓடுது?" என்று நீங்கள் சிரித்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். துறைமுகத்துக்குப் போன ஆறு உரிமப் படிவங்களிலும் நாற்பது என்று எழுதியது என் கை.

தகடுகளைத் திரும்பப் போடலாம் என்று தொமிங்குஸ் அண்ணன் மூன்று முறை சொன்னார். "பயந்தாங்கொள்ளி, நீ கரையிலயே கெட" என்றீர்கள். பலகை அசைவதைக் கண்ணால் பார்க்கத்தான் அன்று அவர் படகில் ஏறினார். இன்று அதே வாயால் அவரை மாவீரர் என்கிறீர்கள்.

மீதி ஐந்தும் திங்கட்கிழமை ஓடப்போகின்றன. அதில் ஒன்றை ஓட்டுபவர் என் கணவர் யோசியாஸ். "நான் மட்டும் மெதுவாப் போனா எவன் ஏறுவான் என் போட்டுல?" என்கிறார். தனியாக எவரும் நிறுத்த மாட்டார். நீங்கள் சொன்னால் ஐவரும் நிறுத்துவார்கள்.

தொமிங்குஸ் அண்ணனின் வேலையை நான் தொடர்வேன். மூடியைத் திறந்து பார்க்காமல் இனி எந்தப் படிவத்திலும் எண் எழுத மாட்டேன். எழுதிய ஆறு பொய்களையும் துறைமுக அதிகாரியிடம் நானே சொல்வேன். அதனால் என் வேலை போனால் போகட்டும்.

ஐந்து படகுகளையும் கட்டிப்போடச் சொல்வீர்களா, மாட்டீர்களா? ஞாயிறு மாலைக்குள் பதில் அனுப்புங்கள்.